காரைக்குடியில் ஓர் உப்புக் கண்ணாடி அறை

கார்பன் டெட்ராகுளோரைடு நிரம்பிய பெரிய பழுப்புப் புட்டி ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நான் காரைக்குடியில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் வழிநெடுக அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பினாங்குத் தைலமா என்று கேட்டார். இல்லை, கல்லூரிக்குப் போகிற மருந்து என்றேன். முழங்காலுக்கு ஒரு சொட்டுக் கிடைக்குமா என்றார். கொடுக்கவில்லை என்று கொஞ்சம் வருத்தத்தோடுதான் இறங்கிப் போனார்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். காரைக்குடி என் அம்மாவின் ஊர். பெரியம்மா மகன் சாகுல் அண்ணன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். ஆனால் நான் உறவுக்காக வரவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் பேராசிரியர் ஓர் ஆங்கிலேயர். அவருக்கும், காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் இருந்த டாக்டர் உமையாள் என்ற பெண்மணிக்கும், கடலைத் தாண்டி இரண்டு வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

வழக்கு இதுதான். மெத்தனால் மூலக்கூறுகள் இரண்டு நெருங்கி வந்தால் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்த பிடி. அறையின் சூடே அதைப் பிரித்துவிடும், பிரிந்தவை வேறொன்றோடு மறுபடி சேரும். இந்த ஜோடியைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் அகச்சிவப்புக் கதிரை ஊடே செலுத்தினால், தனியாக இருக்கும் மூலக்கூறு ஓரிடத்தில் கதிரை விழுங்கும். பிடிபட்டது சற்றுத் தள்ளி விழுங்கும். எந்திரத்தின் பேனா காகிதத்தில் இழுக்கும் கோட்டில் இரண்டு பள்ளங்கள் விழும். ஜோடியில் இரண்டுமே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளையமாக நிற்கின்றன என்றார் எங்கள் பேராசிரியர். ஒன்றுதான் பிடிக்கிறது, மற்றதன் கை சும்மா இருக்கிறது என்றார் உமையாள்.

கூட்டமாகச் சேர்ந்துவிடாமல் இரண்டிரண்டாக மட்டும் அவற்றைச் சந்திக்க வைக்க, அவற்றோடு எந்த உறவும் கொண்டாடாத ஒரு திரவத்தில் கரைக்க வேண்டும். அதற்குத்தான் புட்டி. காரைக்குடியில் கிடைக்கும் திரவம் சுத்தமில்லை, அதனால்தான் அந்த அம்மாள் தப்பாக அளக்கிறார் என்பது எங்கள் பேராசிரியரின் கட்சி. நம்முடையதைக் கொண்டுபோய் அவர் எந்திரத்திலேயே அளந்து பார்த்துவிட்டு வா என்று, வருஷக் கடைசி விடுமுறையில் என்னை அனுப்பிவிட்டார்.

உமையாளுக்கு நாற்பது வயதிருக்கும். சிவப்புக் கல் தோடு, பருத்திச் சேலை, கையில் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல். கல்லூரியில் பெரியவர் சின்னவர் எல்லாரும் அவரை ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். நான் முதல் நாள் டாக்டர் என்றேன். இரண்டாம் நாள் எனக்கும் ஆச்சிதான். அவருக்கு உதவியாளர் கருப்பையா. சாக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வருகிற, காதோரம் நரைத்த மனிதர். எந்திரத்துக்கு உறை போடுவது, தகடுகளைத் தேய்ப்பது, அறையைப் பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விடாது என்பதால், இந்த எந்திரங்களில் கதிர் போகும் வழியெல்லாம் பாறை உப்பைக் கடைந்து செய்த தகடுகள்தான். சோற்றுக்குப் போடுகிற அதே உப்பு. ஈரக்காற்று பட்டால் பூத்துப்போகும். அதற்காக ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கதவின் அடியில் துணி திணித்திருந்தார்கள். உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும் எந்திரம் ஒன்று சுவரில் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அறையை உப்புக் கண்ணாடி ரூம் என்றார் கருப்பையா. எங்கள் ஊரிலும் இப்படி ஓர் அறை உண்டு. ஆனால் இவ்வளவு இறுக்கமாக மூடியதில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உமையாள் பள்ளத்தூரில் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். பினாங்கில் செட்டியார்களை எனக்குத் தெரியும். கிட்டங்கி என்கிற வட்டிக்கடைக் கூடத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு சின்னப் பெட்டிமேசையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊரில் இப்படி வீடு கட்டி வைத்திருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதற்குள் இரண்டே பேர், உமையாளும் அவர் கணவர் சொக்கலிங்கமும். அவர் காரைக்குடியில் அரிசி ஆலை நடத்திவந்தார். சிரித்த முகம். வளையமா நீளமா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, இவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்றார். கடைசியில் கவுனி அரிசி வந்தது. பினாங்கில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சியாகக் குடிக்கிற அதே கறுப்பரிசி. இங்கே சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கெட்டியாக இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை புட்டியைத் திறக்கப் பார்த்தோம். மூடி இறுகியிருந்தது. உமையாள் திருகினார், நான் திருகினேன், கருப்பையா துணி சுற்றித் திருகினார். வழியில் எங்கோ இடிபட்டு விரிசல் விட்டிருக்க வேண்டும். கழுத்து அப்படியே துண்டாக வந்துவிட்டது. பாதித் திரவம் மேசையிலும் தரையிலும் கொட்டியது. சலவைக் கடைகளில் வருமே, அந்தத் தித்திப்பு வாசனை அறை முழுக்க எழுந்தது.

கருப்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மண்டியிட்டுத் துடைத்துத் துடைத்து ஒரு வாளியில் பிழிந்தார். உமையாளும் நானும் மேசையைத் துடைத்தோம். வாளியை வெளியே கொண்டுபோய் வைக்கவா என்று கருப்பையா கேட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் தகடு போய்விடும், மூலையில் இருக்கட்டும் என்றார் உமையாள். மிச்சம் இருந்த திரவத்தை வேறு புட்டிக்கு மாற்றினோம். அதுவும் காற்றில் போவதற்குள் அளந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமும் ஆகியிருந்தது. போய்ட்டு வாங்க தம்பி, நாங்க ஆரம்பிக்கிறோம் என்றார். நான் போனேன். தொழுதுவிட்டுச் சாகுல் அண்ணன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, மழைக்கு ஒதுங்கி, கல்லூரிக்குத் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. அவர்கள் இருவருக்கும் அது தெரியவேயில்லை. உமையாளின் கண்கள் சிவந்திருந்தன. காகிதத்தை என் முன்னால் விரித்தார். தனி மூலக்கூறின் பள்ளத்தை ஒட்டித் தோள்போல ஒரு சின்னச் சரிவு, நாலு தடவை அளந்தும் அதே இடத்தில் இருந்தது.

“சும்மா இருக்கிற கை இதுதான் தம்பி,” என்றார். “ஒங்க பேராசிரியர் இதை என்ன சொல்லுவாக?”

உமையாள் சொன்னதுதான் சரி. கருப்பையா சுவரில் சாய்ந்துகொண்டு, தலை வலிப்பதாகச் சொல்லிச் சிரித்தார். மூவரும் வெளியே வந்து மழையைப் பார்த்தபடி தேநீர் குடித்தோம். கருப்பையா பாதிக் குவளையைக் கீழே ஊற்றிவிட்டார்.

சனிக்கிழமை ஆச்சி வரவில்லை. கருப்பையாவும் வரவில்லை. சம்பளம் வாங்கியிருப்பார், ரெண்டு நாளைக்குத் தேட வேண்டாம் என்று வாசலில் இருந்த காவலாளி கண்ணடித்தார். மதுவிலக்கை எடுத்துவிட்டு அப்போதுதான் சாராயக் கடைகள் திறந்திருந்த சமயம். நான் மூடிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி, சாகுல் அண்ணன் கடையில் உட்கார்ந்து கைலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூருக்குப் பேருந்தேறினேன். விடைபெற்றுக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். உள்கட்டில் கட்டிலில் கிடந்த உமையாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முகம் ஊதி, கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. இரண்டு நாளாக ஓயாத வாந்தி. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருந்தார்கள். ஊர் டாக்டர் வந்து நாடி பிடித்துக்கொண்டிருந்தார். சொக்கலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டு, கூச்சத்தோடு, நேற்றிலிருந்து அவளுக்கு ஒன்றுக்குப் போகவில்லை என்றார்.

காமாலையில் அப்படி வராதே என்று நினைத்தேன். உடனே எங்கள் ஆய்வுக்கூடத்துப் புட்டிகளில் சின்ன எழுத்தில் ஆவியைச் சுவாசிக்காதே என்று அச்சடித்திருப்பது நினைவுக்கு வந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. நாங்கள் கையில் ஒட்டிய எண்ணெயைப் போக்க அந்தத் திரவத்தைத்தான் ஊற்றிக் கழுவுவோம். பினாங்கில் சலவைக் கடைக்காரர் ஒருவர் கடையைச் சாத்திக்கொண்டு துணி வெளுத்து, காமாலை கண்டு, நீர் பிரியாமல் செத்துப்போனது ஊரறிந்த செய்தி. இரண்டும் எனக்குத் தெரிந்தவைதான். அந்த நிமிஷம் வரை ஒன்றோடொன்று சேரவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். புட்டி, துடைத்தது, மூடிய அறை, எத்தனை நேரம் என்று எல்லாம். அவர் ஊசிப் பெட்டியை மூடினார்.

“இங்க வச்சுப் பாக்குற விஷயமில்ல இது,” என்றார் சொக்கலிங்கத்திடம். “காரை எடுங்க. மதுரைக்குப் போங்க. வழியில எங்கயும் நிக்காதீக.”

நிற்காமல் போக முடியவில்லை. திருப்பத்தூரைத் தாண்டி ஒரு கண்மாய் நிறைந்து, சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. நடுவில் போய் அம்பாசிடர் நின்றுவிட்டது. இன்னொரு தடவை முடுக்கினார் ஓட்டுநர், அது இருமிவிட்டு அடங்கியது. முழங்கால் தண்ணீரில் நான் இறங்கி நின்றேன். பின்னால் மதுரைப் பேருந்து ஒன்று மெதுவாக நீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கையைக் காட்டினேன். நிரம்பி வழிந்த வண்டி. நடத்துநர் எட்டிப் பார்த்தார். காருக்குள் கிடந்தவரைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

பின் வரிசை முழுவதையும் காலி செய்தார்கள். கோழிக்கூடையோடு இருந்த ஓர் அம்மாள் தன் மூட்டையையே தலையணையாக வைத்தார். சொக்கலிங்கம் கீழே உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வழியில் கைகாட்டிய யாருக்கும் வண்டி நிற்கவில்லை. இடையில் இறங்க வேண்டியவர்கள் இருந்தார்கள். மேலூருக்கு முன்னால் ஒரு கிழவர், நம்ம ஊரு போயிருச்சே என்றார். போனா என்ன, திரும்பி வர பஸ் இல்லியா என்றது இன்னொரு குரல். அவரும் சரி என்று உட்கார்ந்துவிட்டார். பினாங்கில் இதே காரியம் நடக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் வேலை நிறுத்தம் செய்துவிட்டது என்றார்கள். ஈரலும் அடிபட்டிருக்கிறது. இரத்தத்தைச் சுத்தம் செய்கிற எந்திரம் அங்கே கிடையாது. அது இருக்கும் தொலைதூர ஊருக்கு இந்த நிலையில் கொண்டுபோக முடியாது. ஒரே வழி, காத்திருப்பது. தானாகத் திரும்பினால் திரும்பும். அதுவரை உடம்புக்குள் போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை, நுரையீரலில் போய் நிற்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளருக்கு மேல் கூடாது.

அந்த நாட்களைப் போல நான் எதையும் பார்த்ததில்லை. வெளியே விடாமல் மழை. தகரக் கூரையில், சாக்கடையில், மரங்களில் எங்கும் தண்ணீர்ச் சத்தம். உள்ளே உமையாள் நாக்கு வெடித்துக் கிடந்தார். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்க மட்டுமே அனுமதி. ஒரு நாள் அந்தப் பஞ்சைப் பல்லால் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். சொக்கலிங்கம் வராந்தாவுக்கு வந்து தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவேன். இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் டம்ளரைத் தொடமாட்டார்.

வாரத்தின் நடுவில் ஒரு காலை, உமையாளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

“கருப்பையா எப்படி இருக்காரு?”

மண்டியிட்டு, வெறுங்கையால், துண்டைப் பிழிந்து பிழிந்து துடைத்த மனிதர். எனக்கோ சொக்கலிங்கத்துக்கோ அவர் நினைவு வரவில்லை. நன்றாக இருக்கிறார் என்று சொக்கலிங்கம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த பேருந்தில் கிளம்பினேன்.

சாக்கோட்டையில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வாசலில் ஓலைப் பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள்.

பந்தலுக்கடியில் இருந்தவர்கள் நான் யார் என்று விசாரித்தார்கள். கல்லூரியிலிருந்து என்றதும் ஒருவர் எழுந்து இடம்விட்டார். எப்படி என்று கேட்டேன். எல்லாம் கடைத் தண்ணிதான் என்றார் அவர். சம்பளம் வாங்கின அன்னைக்கு ஊத்திக்கிட்டு வந்து படுத்தவன், வாந்தி எடுத்து, மஞ்சளா ஊதி, மூச்சு முட்டிப் போயிட்டான். கல்லூரி அலுவலகத்திலிருந்து மாலையோடு வந்தவரும் அதையே சொல்லிவிட்டுப் போனாராம். உள்ளே சுவரோரம் அவர் மனைவி வெள்ளையம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். புருஷன் செத்த துக்கத்தோடு இந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு. அவ்வளவு பேருக்கு நடுவில், ஊர் தெரியாத நான், எங்கிருந்து ஆரம்பிப்பது? குடி இல்லை என்று மட்டும் சொன்னேன். இரக்கத்துக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மதுரைக்குத் திரும்பி, டாக்டர் சொன்னபடி, உமையாளிடம் மறைத்தோம். என் கப்பல் நாகப்பட்டினத்தை விட்டுப் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் ஒரு விடியலில் நர்ஸ் சிரித்துக்கொண்டு வெளியே வந்து, நீர் பிரிந்துவிட்டது என்றார். முதலில் கொஞ்சம், பிறகு குடம் குடமாக. அன்று மத்தியானம் அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். சொக்கலிங்கமும் ஒரு இளநீரை எடுத்து நின்ற இடத்திலேயே குடித்தார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உமையாளிடம் சொன்னோம். வாளியை வெளியே வைக்கவா என்று கருப்பையா கேட்டாரே என்றார். அன்று கல்லூரியிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து, போனது போகட்டும், எந்திர அறையைப் பற்றி வெளியே பேச்சு வேண்டாம், உங்களுக்கும் நல்லதில்லை என்று சொன்னார். உமையாள் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு சாக்கோட்டைக்குக் கிளம்பினார். நிற்க முடியவில்லை. சொக்கலிங்கம் தோளைப் பிடித்து இறக்கினார். நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று தரையில் வெள்ளையம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஆச்சி வந்திருக்கிறார் என்று தெருவே கூடிவிட்டது. எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

“ஒங்க வீட்டுக்காரரு குடியால சாகல. எனக்கு வந்ததும் அதே நோவுதான். ஒரே ரூம்புல இருந்தோம், ஒரே மருந்துக் காத்தைக் குடிச்சோம். கதவைத் தொறக்க வேணாம்னு சொன்னது நான். என்னை மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாக. அவரைத் தூக்க யாரும் வரல.”

கடைத் தண்ணி என்று சொன்னவர் பின்னால் நகர்ந்தார். வெள்ளையம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தார். உமையாளின் மெலிந்த கைகளை, மஞ்சள் தெளியாத கண்களைப் பார்த்தார். அவருக்கும் இப்படித்தான் இருந்தது என்று மெல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் செய்தார்கள் என்று கேட்டார். வைத்தியம் ஒன்றுமில்லை, தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையம்மாள் என்னைப் பார்க்கவில்லை. உமையாளைத்தான் பார்த்தார்.

“தாகம் தாகம்னு துடிச்சாரு ஆச்சி. நான் சொம்பு சொம்பாக் குடுத்தேனே. அது குடுத்திருக்கக் கூடாதா?”

மூச்சு முட்டிச் செத்தார் என்று பந்தலடியில் கேட்டது என் காதில் மறுபடி விழுந்தது. உமையாள் கொஞ்சமும் தயங்கவில்லை. கையை நீட்டி வெள்ளையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது பொம்பளைக ஒடம்புக்குச் சொன்னது ஆத்தா. நீ தண்ணி குடுத்ததாலதான் அவரு அத்தனை நாள் தாங்குனாரு.”

வெள்ளையம்மாள் அந்தக் கையில் முகத்தை வைத்து அழுதார். அதுவரை அவர் அழுது பார்க்கவேயில்லை என்று பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

கார் சாக்கோட்டையைத் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆச்சி, தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது என்று ஆரம்பித்தேன். அவர் ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். மழை விட்டிருந்தது.

“மதுரை டாக்டர்கிட்ட அதைக் கேட்டுப்புடாதீக தம்பி,” என்றார். “நானும் கேக்கப் போறதில்ல.”